சுதேசத் தாவரமும் நில உரிமையும்: மலைநாட்டை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சூழல் பற்றிய அக்கறை நம் நாட்டில் இன்று பரவலாகி வருகின்றது. சுதேச மரங்களை நடுதல், வீட்டுத் தோட்டங்களில் உள்ளூர்ச் செடிகளை மீளக் கொணர்தல், காட்டுயிர்களைப் பேணல் என்பன பாடசாலைகள் முதல் அமைச்சுக்கள் வரை பேசப்படும் பொருள்களாகிவிட்டன. இவ்வக்கறை வரவேற்கத்தக்கதே. ஆயின், இப்பேச்சுக்களில் அடிப்படையான வினா ஒன்று பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஒரு மலைச்சரிவில் எந்த மரம் நிற்க வேண்டும், எது வெட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யாவர்? அச்சரிவில் நாள்தோறும் ஏறியிறங்கி உழைப்பவருக்கு அத்தீர்மானத்தில் யாதேனும் இடமுண்டா? இவ்வினாக்களை மலைநாட்டின் வரலாற்றை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவராகிய நாம் தாவரவியலாளரின் புலத்தில் அத்துமீறி நுழைவதாகச் சிலர் கருதக்கூடும். நிலத்தையும் உயிரினத்தையும் மனித உழைப்பையும் ஒருங்கே வைத்து நோக்கும் மரபு தமிழிலக்கியத்திலேயே உண்டென்பதை நினைவூட்டி, அங்கிருந்தே தொடங்கலாம்.

திணையும் உழைப்பும்

தொல்காப்பியம் ஐந்திணைகளின் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே நிரலில் வைக்கின்றது. இந்நிரலில் மரத்துக்கும் பறவைக்கும் அருகே தொழில் இடம்பெறுவது மனங்கொள்ளத்தக்கது. குறிஞ்சி நிலத்தைக் கூறுமிடத்துத் தினைப்புனமும், கிளியோட்டலும், தேனழித்தலும் உடன் கூறப்படுகின்றன. இயற்கை என்பது மனிதர் இல்லாத வெறும் காட்சியாக அங்கு வருவதில்லை. மனிதர் உழைத்து உணவு தேடும் களமாகவே வருகின்றது. 1974 இல் பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக்கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியாவின் சமூக, பொருளாதார அமைப்போடு இணைத்து விளக்கிய பின்னர், திணையை வெறும் அழகியல் மரபாகக் கொள்வது இயலாததாயிற்று.

இதனைக் கொண்டு பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து ஏற்றத்தாழ்வின்றி வாழ்ந்தனர் என்று பொற்காலக் கனவொன்றைக் கட்டியெழுப்புதல் எமது கருத்தன்று. ஐந்திணை வாழ்விலும் சுரண்டலும் சூறையாடலும் இருந்தன என்பதற்கு அவ்விலக்கியங்களே சான்று. நாம் இங்கு வலியுறுத்துவது நோக்குமுறை ஒன்றையே. ஒரு நிலத்தின் மரத்தைப் பற்றிப் பேசுபவர் அந்நிலத்தின் தொழிலையும் தொழில் செய்வோரையும் விட்டுவிட்டுப் பேச முடியாது.

குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி ஸ்ட்ரொபிலாந்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தின் பல இனங்கள் இலங்கையின் மலைக்காடுகளிலும் கீழ்த்தளச் செடிகளாக அடர்ந்து வளர்கின்றன. சிங்கள மக்கள் இவற்றை நெலு என்பர். இவற்றுட் சில ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதையீன்று மடிகின்றன. பூக்கும் காலத்தில் தேனீக்களும், விதை உதிரும் காலத்திற் காட்டுக்கோழிகளும் அங்கு திரளும். மேலே குறுகி முறுகிய கிளைகளையுடைய மரங்கள் பாசி போர்த்து நிற்கும். மலைமீது தவழும் முகிலின் ஈரத்தை இலையாலும் பாசியாலும் வாங்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குவது இக்காட்டின் இயல்பு. ஹோட்டன் சமவெளிப் பகுதியிலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் செல்கின்றது. எனவே, மலையுச்சியிலுள்ள காடு சமவெளியிலுள்ள வயலின் நீர்த்தேக்கமுமாகும். இத்தகைய காட்டுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்தது யாது?

கோப்பியும் காட்டழிவும்

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகியன, மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவர் விறகும் மருந்தும் பெற்ற காடும், கால்நடை மேய்த்த புல்நிலமும், சில ஆண்டுகள் இடைவெளிவிட்டுப் பயிரிட்ட சேனையும் எழுத்துமூல உறுதியற்றவை. ஆகவே, ஒரு பேனா வீச்சில் அவை தரிசுகளாயின. ‘தரிசு’ என்ற சொல் நிலத்தின் தன்மையைக் குறித்தமையிலும் பார்க்க, அந்நிலம் எவர் கைக்கு மாற வேண்டும் என்பதையே குறித்தது எனலாம். முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங் விலைக்குத் தோட்டத்துரைமாருக்கும் ஆட்சி அதிகாரிகளுக்கும் விற்கப்பட்டது. 1870களின் இறுதியிற் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது.

காட்டழிப்பு முறையும் கவனத்திற்குரியது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதியளவு வெட்டிச் சென்று, உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பர். மேல்மரம் கீழ்மரத்தின் மீது விழ, சரிவு முழுவதும் ஒருங்கே சரியும். வெயிலிற் காய்ந்தபின் தீ வைக்கப்படும். சாம்பலே கோப்பிக்கு முதல் உரம். இதனைச் செய்து முடித்தவர்கள் அயற்கிராமத்தவரும், பஞ்சத்தாலும் கடனாலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்துசேர்ந்த தொழிலாளருமாவர். குறிஞ்சியைத் திணையாகக் கண்ட மொழியைப் பேசியோரே, அதன் உறவுச் செடியைக் கூலிக்கு வெட்டி எரிக்க நேர்ந்தது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அவர்களுக்கு அம்மலையில் உரிமையும் இல்லை. அதனை அழிக்காது விடும் சுதந்திரமும் இல்லை.

ஏங்கல்ஸ், மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய தமது கட்டுரையில், கியூபாவின் மலைச்சரிவுகளில் ஸ்பானியத் தோட்டத்துரைமார் காடுகளை எரித்ததை எடுத்துக்காட்டுவார். ஒரு தலைமுறைக் கோப்பிக்கு வேண்டிய உரத்தைச் சாம்பல் தந்தது; காப்பற்ற மேல்மண்ணைப் பின்னர் வெப்பமண்டல மழை அடித்துச் சென்று பாறையை மட்டும் எஞ்ச விட்டால் அவர்களுக்கென்ன என்பது அவரது வாதத்தின் சாரம். முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியைக் கொள்ளையிடுவதோடு மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமே என மூலதனத்தின் முதற்றொகுதியில் மார்க்சும் காட்டுவார். இலங்கை மலைநாடு இவ்விரு கூற்றுக்களுக்கும் நேரான சான்றாகும். 1869 இல் இலங்கையில் இனங்காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் இருபதாண்டுகளுக்குள் அப்பெருஞ்செய்கையை வீழ்த்தியது. 1880 இல் இதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்து நின்றமை நோய்ப்பூஞ்சணம் பரவ வாய்ப்பளித்தமையைச் சுட்டினார். காடு இருந்திருப்பின் அது தடுப்புச் சுவராய் நின்றிருக்கும். இலாபத்துக்காக நீக்கப்பட்ட அச்சுவரே இலாபத்தின் வீழ்ச்சிக்கும் வழிகோலிற்று.

வேட்டையும் இதன் மறுபக்கமாகவே அமைந்தது. யானை பயிருக்குப் பகையெனக் கருதப்பட்டு, அதனைக் கொல்வோருக்கு அரசு வெகுமதி அளித்த காலம் அது. பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது. மலைநாட்டில் யானை அருகியமைக்கு அதன் வாழிடம் கோப்பியாக மாறியதும், எஞ்சியவை துப்பாக்கிக்கு இரையானதுமே காரணங்களாம்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. களையைச் சிறிதும் விடாது சுரண்டியெடுக்கும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டமையால், மலைமண் மழைதோறும் ஆற்றில் இறங்கிற்று. மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1951 இலேயே. சட்டம் வருவதற்கு முன் ஒரு நூற்றாண்டு மண் போய்விட்டிருந்தது.

எது சுதேசம், எது அந்நியம்?

இனி, சுதேசத் தாவரம் என்னும் கருத்தைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். 1821 இற் பேராதனையில் அமைக்கப்பட்ட தாவரவியற் பூங்கா, கியூ பூங்காவோடு இணைந்து, பேரரசின் வணிகப்பயிர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் மாற்றும் நிலையமாகத் தொழிற்பட்டது. சிங்கோனாவுக்காக 1861 இல் ஹக்கலைப் பூங்காவும், 1876 இல் வந்த றப்பர்க் கன்றுகளுக்காக ஹெனரத்கொடைப் பூங்காவும் உருவாயின. பயன்கருதியும் அழகுகருதியும் கொணரப்பட்ட செடிகளுட் சில வேலி தாண்டின. 1888 இற் பேராதனைப் பூங்காவுக்கு வந்த மைக்கோனியா இன்று மலைநாட்டின் ஈரச்சரிவுகளில் அகன்ற இலைகளை விரித்து, கீழுள்ள நாற்றுக்களுக்கு ஒளி மறைத்து நிற்கின்றது. நீர்நிலைகளை மூடும் ஆகாயத்தாமரை அழகுச்செடியாகவே வந்தது. 1909 ஆம் ஆண்டளவிலேயே அதனை ஒழிக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939 இற் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் தேவைக்காகக் கொணரப்பட்டு வெளியேறியது. அறிவுத்துறையினராகிய நாமும் இக்கணக்கிற் பங்குடையோம்.

ஆயினும், பிறநாட்டிலிருந்து வந்த செடி யாவும் தீயது என்னும் முடிவு அறிவியலுக்கு ஒவ்வாதது. கண்டியச் சிங்களக் கிராமத்தவரின் வீட்டுத்தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேல்தளத்திற் பலா, ஈரப்பலா, கித்துள். இடைத்தளத்திற் கமுகு, சாதிக்காய், கராம்பு. மரங்களைப் பற்றியேறும் மிளகு. நிழலில் மஞ்சளும் இஞ்சியும் கிழங்குவகைகளும். காட்டின் அடுக்கமைப்பை ஒத்த இத்தோட்டம் மண்ணைக் காத்து, ஆண்டு முழுவதும் உணவும் பணமும் தந்து, பறவைக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும் இடமளிக்கின்றது. ஆயின், கராம்பும் சாதிக்காயும் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வந்தவை; ஈரப்பலா பசுபிக் பகுதியிலிருந்து வந்தது. இவை இங்கு எதனையும் நெரித்து அழிக்கவில்லை. எனவே, ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நோக்காது, வந்த இடத்தில் அது பிற உயிர்களோடு கொள்ளும் உறவு யாது என்பதையே நாம் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். அடர்ந்து பரவி, பிறவற்றின் இனப்பெருக்கத்தைத் தடுப்பதே ஆக்கிரமிப்புச் செடி.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. ‘அந்நியம்’, ‘படையெடுப்பு’, ‘மண்ணின் மைந்தர்’ என்னும் சொற்கள் தாவரவியலிலிருந்து அரசியலுக்கும் அரசியலிலிருந்து தாவரவியலுக்கும் எளிதில் நடமாடுபவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய வேளையிலும் அதே சொற்களே ஒலித்தன. சூழலைக் காக்கும் முயற்சி, மனிதரைப் பூர்வீகம் பார்த்துப் பிரிக்கும் பேரினவாதத்துக்குச் சொல் கொடுத்து உதவலாகாது. மலையைப் பாழாக்கியது தொழிலாளியின் வருகையன்று. அவரை வருவித்த மூலதனமே.

காப்பும் விலக்கும்

காடழிவின் விளைவை ஆட்சியாளரும் உணராமலில்லை. 1873 இல், தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனையையொட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தோட்டங்களுக்கு விற்காது பேண முடிவுசெய்யப்பட்டது. இன்று எஞ்சியுள்ள மலைக்காட்டிற் பெரும்பகுதி இம்முடிவினாற் பிழைத்தது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆயின், விற்றவரே காவலரான இம்முறையில், காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர் குற்றவாளியாகக் கருதப்பட்டாரேயன்றிக் காப்பில் பங்காளியாகக் கருதப்படவில்லை.

சுதந்திரத்தின் பின்னும் அரசு எப்போதும் காட்டின் நண்பனாக இருந்ததில்லை. 1960களில் ஹோட்டன் சமவெளிப் புல்வெளியில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969 இலேயே அது காட்டுயிர்ச் சரணாலயமாயிற்று. 1988 இற் தேசியப் பூங்காவாயிற்று. சிங்கராஜ வனத்தில் 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரம் வெட்டப்பட்டது. அறிவியலாளரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1977 இல் அது கைவிடப்பட்டது. மக்கள் எதிர்ப்புக்கு ஆற்றலுண்டு என்பதற்குச் சிங்கராஜ நல்ல சான்று. பதனைப் புல்நிலங்களிலும் கைவிடப்பட்ட தோட்டங்களிலும் பைன் மரம் நட்டதோ வேறொரு பாடமாகும். மரம் நின்றது, கீழே உணவில்லை, பறவை குறைந்தது, காய்ந்த ஊசியிலைகளிற் கோடைதோறும் தீ பற்றியது. மரங்களின் எண்ணிக்கையைக் காடென மயங்கியதன் விளைவு இது.

லயன் முற்றமும் சிறுத்தையும்

மேற்கூறிய நிரலில் ஒருவரை நாம் இன்னும் காணவில்லை. அவர் தோட்டத் தொழிலாளி. கண்டிய வீட்டுத்தோட்டத்தின் அடிப்படை யாது? பலாக்கன்றை நடுபவர், அது காய்க்கும் நாளிலும் அந்நிலம் தமதாகவோ தம் பிள்ளைகளதாகவோ இருக்குமென நம்புகின்றார். லயன் அறையில் வாழ்பவருக்கு இந்நம்பிக்கை இல்லை. வேலையோடு ஒட்டிய குடியிருப்பு வேலையோடு போய்விடும். எனவே அவர் லயனின் முன்னும் பின்னும் மூன்று மாதத்திற் பறிக்கக்கூடிய பீன்ஸும் கோவாவும் முள்ளங்கியுமே நடுவார். இது அறியாமையன்று, உரிமையற்றவரின் நியாயமான கணக்கு.

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் எல்லை விதித்தது. 1975 இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. முற்போக்கான இந்நடவடிக்கை, தலைமுறைகளாக அந்நிலத்தில் உழைத்தவரை நிலம்பெறுவோரின் பட்டியலிற் சேர்க்கவில்லை. தோட்ட நிலங்கள் பகிர்ந்தளிக்கப்படுவதை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டப் பகுதியில் நடந்த போராட்டத்திற் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1992 இற் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்ததாயினும், நிலமற்ற நிலை முடியவில்லை. 2015 இன் பின்னர் வீடமைப்புக்கென 7 பேர்ச் காணி பேசப்பட்டது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் பாதையும் போக எஞ்சுவதில் ஒரு பலாமரம் தன் முழு விதானத்தையும் விரித்தால் மரக்கறிப் பாத்திக்கு வெயிலிராது.

நிலமின்மை காட்டுயிரையும் தாக்குகின்றது. தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளிற் சிறுத்தை வாழ்கின்றது. காட்டுப்பன்றி இரவில் வந்து மரக்கறிப் பாத்தியைக் கிளறுகின்றது. வேலியடைக்க வசதியற்றவரும், இறைச்சி விற்போரும் கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். பன்றிக்கு வைத்ததிற் சிறுத்தை அகப்படுகின்றது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் இவ்வாறு அகப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சில நாட்களில் இறந்தபோது நாடே வருந்தியது. அவ்வருத்தம் நியாயமானது. ஆயின், கொழுந்து பறிக்கும்போது சிறுத்தை தாக்கிக் காயமுற்ற தொழிலாளர் பற்றிய செய்தி அத்துணை வருத்தத்தை எழுப்புவதில்லை. 2014 ஒக்டோபர் 29 இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிய துயரமும் சிந்திக்கத்தக்கது. எந்தச் சரிவிற் குடியிருப்பது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமைகூட அங்கு மாண்டவர்களுக்கு இருந்ததில்லை.

செய்யத்தக்கன

மலைநாட்டைப் பழைய காடாக முழுவதும் மீட்டல் இயலாது. தேயிலையை நம்பி வாழ்வோர் பலர். எனினும் இயலுவன சிலவுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் உடனாய்வாளரும் சிங்கராஜ எல்லையிலுள்ள பைன் தோட்டத்தில் 1990களில் நடத்திய ஆய்வு ஒரு வழியைக் காட்டுகின்றது. பைன் வரிசைகள் சிலவற்றை நீக்கி ஒளி புகவிட்டு, நிழலிற் காட்டின் சொந்த மரக்கன்றுகளை நட்டபோது அவை நன்கு வளர்ந்தன. தவறாக நட்ட மரமே செவிலியாகப் பயன்பட்டது. மலைநாட்டிலும் ஓடைக்கரைகளிலும், தேயிலை நலிந்துபோன செங்குத்தான சரிவுகளிலும் கித்துள், நாகமரம், காட்டுச் செண்பகம், நாவலினத்து மரங்கள் முதலியவற்றை அவ்வவற்றின் உயரத்துக்கேற்ப நடலாம். ஓடைக்கரையிற் தொடர்ச்சியாக அமையும் மரவரிசை துண்டுபட்ட காடுகளை இணைத்து, விலங்கு குடியிருப்பினூடாக வராமற் செல்லவும் வழிவிடும்.

ஆயின் நடுவது யார்? நாற்கூலிக்கு நட்ட கன்றை மறுநாள் பேணும் பொறுப்பு எவருக்கும் இராது. தொழிலாளிக்கு நிலம் கொடுப்பின் அவர் எஞ்சிய காட்டையும் மரக்கறித் தோட்டமாக்குவார் என்பது ஒரு சாராரின் வாதம். மரக்கறிச் செய்கையால் நுவரெலியாவில் மண்ணும் நீரும் கெட்டிருப்பது உண்மையே. ஆனால், சந்தைக்கென விரைந்து விளைவிக்கும் அம்முறை உரிமையுறுதியின் விளைவன்று. குறுகிய காலத்தில் முதலை மீட்க வேண்டிய நெருக்கடியின் விளைவு. நீண்டகால உரிமையுள்ள இடத்தில் ஏழை உழவரும் பலா நடுவர் என்பதற்குக் கண்டிய வீட்டுத்தோட்டங்களே விடை. நிலவுரிமை மட்டும் போதுமென நாம் கூறவில்லை. போதிய கூலி, வேலியிட உதவி, சுதேச நாற்றுமேடைகள், தமிழில் எழுதப்பட்ட தாவர வழிகாட்டிகள் ஆகியன உடன் வேண்டும். இறுதியாகக் கூறியது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாகத் தொடங்கக்கூடிய பணியாகும். தோட்ட மக்கள் செடிகளுக்கும் பறவைகளுக்கும் வழங்கும் பெயர்கள் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவேண்டியுள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தமை போல, அப்பெயர்களையும் முதியோர் மறைவதற்கு முன் தொகுத்தல் வேண்டும். பெயரறியாத செடியைக் காக்க எவரும் முன்வரார்.

மரத்தின் வரலாறு அதனை நட்டவரின், வெட்டியவரின், வெட்டுமாறு பணித்தவரின் வரலாறாகும். மலைநாட்டில் இம்மூவரும் வெவ்வேறு வர்க்கத்தினராயிருந்தனர். நடுபவரே அந்நிலத்துக்கு உரியவராகும் நாளிற்றான் சுதேசத் தாவரம் பற்றிய பேச்சு மலைச்சரிவில் வேர்விடும்.